பாதம் பார்த்து ஆளெடுத்த கதை

திருவனந்தபுரத்தில் ஜூன் பிறந்தால் இரண்டு தவறாமல் வரும். ஒன்று மழை. இன்னொன்று, இந்த வருஷம் கப்பு நமக்குத்தான் என்கிற பேச்சு. மழையாவது சில வருஷம் பிந்தும்.

கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டாம், மக்களே. சொன்னால் அங்கே படித்தவர்கள் வருத்தப்படுவார்கள். படிக்காதவர்கள் அதைவிட வருத்தப்படுவார்கள். அந்தக் கல்லூரிக் கால்பந்து அணிக்காக உயிரை விடுகிற ரசிகர்களில் பாதிப்பேர் அதன் வகுப்பறை வாசலை மிதித்தவர்களே அல்ல. ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தம்பானூர் லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கிறவர்கள், கட்டட வேலைக்குத் தென்காசிப் பக்கமிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அது ‘நம்ம காலேஜ்’. லைப்ரரி எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பார்கள். கோல்போஸ்ட் எந்தப் பக்கம் என்று கேட்டால் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்து போய்த் தொடுவார்கள்.

ஜூனில்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் புதுப் பையன்களை எடுப்பார்கள். ரசிகனுக்கு அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. டிசம்பரில் ஆட்டம் வரும்போது தோல்வி உண்டு, சண்டை உண்டு, ரெஃப்ரியின் தாயாரைப் பற்றிய விசாரணைகளும் உண்டு. ஜூனில் அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. இன்னும் பந்தே உருளவில்லை, அதனால் வருகிற பையன் எல்லாம் சூரன்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் வந்த சூரன் பெயர் ரின்ஷாத். மலப்புறத்துப் பையன். அவன் ரயிலை விட்டு இறங்குமுன்பே கல்லூரி மதிலில் அவனுக்கு ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் புலி, மறுபக்கம் ரின்ஷாத். ‘எதிரிக் கோட்டையைத் தகர்க்க வரும் புலி’ என்று கீழே எழுத்து. புலி எது, ரின்ஷாத் எது என்று குழம்பக் கூடாதென்று பையன் பக்கம் ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். அவன் பந்து ஆடி அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. அதற்கென்ன, புலி ஆடியும் யாரும் பார்த்ததில்லை.

அந்த ஃபிளெக்ஸுக்குக் கம்பு நட்டவர்களில் முதல் ஆள் குற்றாலலிங்கம். கடையநல்லூரிலிருந்து வந்து, கல்லூரி மைதானத்துக்கு எதிரே தட்டுக்கடை போட்டுப் பழம்பொரி சுடுகிறவர். நல்ல மனிதர். எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்க்காமல் பழத்தைப் போடமாட்டார். அந்த ஜாக்கிரதை எல்லாம் சட்டியோடு சரி. மைதானத்துக்குள் காலை வைத்தால் யார் எதைச் சொன்னாலும் நம்புவார்.

அப்படிப்பட்டவர்களுக்காகவே வந்து சேர்ந்தவர்தான் பாதானந்த சுவாமி.

சுவாமி கை பார்க்கமாட்டார், ஜாதகம் தொடமாட்டார். பாதம் மட்டும். பந்தை உதைப்பது கையா, ஜாதகமா என்று அவர் கேட்டபோது ரசிகர் சங்கத்தில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றோடு அவர் சங்கத்தின் குருவாகிவிட்டார். மைதானத்து மூலையில் தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, நடுவே சிவப்புத் திரை கட்டினார்கள். திரைக்குப் பின்னால் சுவாமி. முகத்தைப் பார்த்தால் பாசம் வந்துவிடுமாம். அதனால் முகம் பார்ப்பதில்லை. திரைக்கு இந்தப் பக்கம் அவருடைய சிஷ்யன் அஜீஷ். அவன் பையனின் காலைக் கழுவித் துடைத்து, பஸ்மம் பரப்பிய பித்தளைத் தாம்பாளத்தில் மிதிக்கச் சொல்வான். பதிந்த பாதத்தின் மேல் ஒரு பூவை வைத்துத் திரைக்கு அடியில் தள்ளுவான். உள்ளேயிருந்து குரல் வரும்.

அந்தக் குரல்தான் அதிசயம். “இவன் கோலி. கை நீண்டவன்” என்னும். வெளியே நிற்பவன் கோல் காக்கிற கோலியாகவே இருப்பான். “இவன் முன்னால் களிக்குந்நவன்” என்னும். அவன் ஃபார்வர்டாகவே இருப்பான். முகம் பாராமல், பெயர் கேளாமல். கூட்டத்துக்குப் புல்லரித்தது. ஜூன் மழையில் நனைந்துகொண்டு நிற்பவனுக்குப் புல்லரிக்க அதிகம் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

போன வருஷமே அவர் பெயர் நிலைத்துவிட்டது. “காலைப் பார்த்துக்கொள், அடி உண்டு” என்று சுவாமி சொன்ன பையனுக்கு உண்மையிலேயே கணுக்கால் பிசகியது. எப்படிப் பலித்தது பார்த்தீர்களா என்று ஊரே பேசிற்று. அதே வார்த்தையை அவர் அணியிலிருந்த அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தார் என்பதை ஒருவரும் பேசவில்லை. பந்து விளையாடுகிறவனிடம் கால் பத்திரம் என்றால் அது எந்தக் காலத்தில் பொய்க்கும்? கப்பு வரும் என்றும் சொல்லியிருந்தார். அது வரவில்லை. அரையிறுதியில் யாரோ ஒருவன் இடது காலை முதலில் வைத்து மைதானத்தில் இறங்கிவிட்டானாம். யாரோ ஒருவன் வைக்காமலா இருந்திருப்பான்?

தோஷத்துக்குப் பரிகாரமும் சுவாமியிடமே கிடைக்கும். செம்புத் தகடு. பூட்ஸுக்குள் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். வைத்து ஓடிய பையன்களுக்குக் கொப்புளம் வந்தது. தோஷம் வெளியேறுகிறது என்றார் சுவாமி. இரண்டாவது கொப்புளத்துக்கு இரண்டாவது தகடு வாங்கினார்கள்.

இத்தனையிலும் குற்றாலலிங்கத்துக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது. பாதத்துக்கு வைக்கிற பூவை விடியற்காலையில் பறித்துக் கொண்டு வருவது அவர் பொறுப்பு. செம்பருத்தி, நந்தியாவட்டை, துளசி. எது குறைந்தாலும் அஜீஷ் முகம் சுளிப்பான். கடையில் மாவு கரைக்க ஆளில்லாமல் அவர் மனைவி சரோஜம் நிற்க, இவர் அடுத்த வீட்டு மதிலில் தொங்கிக்கொண்டு பூப்பறித்தார்.

சரோஜம் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். அவளுடைய அக்காள் உலகம்மாள் இன்னும் அங்கே மலையில் கொழுந்து பறிக்கிறாள். அக்காள் மகன் பெயர் மகாராஜா. அந்த மகாராஜாவிடம் இருந்தது ஒரு ஜோடி பூட்ஸ். அதிலும் ஒன்றுக்கு வார் இல்லை. எஸ்டேட்டுச் சரிவில், பந்து ஒருமுறை உருண்டால் கால்மணி நேரம் இறங்கி எடுத்துவர வேண்டிய மைதானத்தில், பந்தை உருளவிடாமல் வைத்துக்கொள்ளக் கற்றவன். பிளஸ் டூ தேறிவிட்டான். மார்க்கைப் பார்த்து எந்தக் கல்லூரியும் அவனைக் கூப்பிடாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைத்தால் படிப்பு. இல்லையென்றால் மறுநாள் காலை கங்காணியின் முன்னால் வரிசை. உலகம்மாள் தங்கையிடம் சொல்லியனுப்பியது அவ்வளவுதான்.

செலக்ஷன் அன்று மழை விட்டுவிட்டுப் பெய்தது. மகாராஜா சேற்றில் வழுக்காமல் ஓடினான். இரண்டு கோல் போட்டான். இரண்டாவது கோலுக்கு மூன்று பேரைத் தாண்டிப் போன விதத்தைப் பார்த்துக் கோட்டோரம் நின்ற குற்றாலலிங்கம் பக்கத்திலிருந்தவரின் குடையைப் பிடுங்கி மேலே எறிந்தார். ரின்ஷாத்துக்கு அன்று பந்தே வாகாகக் கிடைக்கவில்லை. “புலி பதுங்குது” என்றார்கள்.

குற்றாலலிங்கம் மகன் முறையான பையனை ஊர்வலம் மாதிரிப் பந்தலுக்குக் கூட்டிப் போனார். அஜீஷ் காலைக் கழுவினான். கழுவும்போதே எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டான். தகடு வாங்கியாச்சா என்றும் கேட்டான். கல்லு குத்தினது போல இருக்கும், வேண்டாம் அண்ணே என்று மகாராஜா சொன்னான். தாம்பாளம் திரைக்கு அடியில் போயிற்று.

 பிறகு சுவாமி கனைத்தார்.

“ஃபார்வர்டாணு. பக்ஷே, துர்ப்பாதம். இந்தக் கால் பட்ட மண்ணில் கப்பு இறங்காது.”

அவ்வளவுதான். குடை பறந்ததைப் பார்த்தவர்களே, கோலுக்குக் கைதட்டியவர்களே, சேற்றை மிதித்துக்கொண்டு பி.டி. சாரிடம் போனார்கள். யோசுவா சார் சாதுவான மனிதர். விளையாட்டு தெரிந்தவர், கூட்டத்துக்குப் பயந்தவர். பழைய மாணவர்கள் ஒரு பக்கம், ரசிகர் சங்கம் ஒரு பக்கம் நின்று அந்தப் பையன் வேண்டாம் என்றால் அவர் என்ன செய்வார்? நாளைக் காலையில் பெயர்களைச் சொல்கிறேன் என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சொல்லப்போகும் பெயர்களில் மகாராஜா இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கடைக்குத் திரும்பிய குற்றாலலிங்கம் அடுப்பைப் பற்றவைத்தார். மகாராஜா ஒதுங்கி உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சாயங்காலக் கூட்டத்துக்குப் பழம் நறுக்கிக்கொண்டே சரோஜம் கேட்டாள்.

“நீங்க கண்ணால பாத்தீயளா?”

“பாத்தேன்.”

“கோல் போட்டானா?”

“ரெண்டு.”

“அப்போ நல்லா ஆடுறான்லா?”

“அதெல்லாம் நல்லாத்தான் ஆடுறான். பாதந்தான் சரியில்லைங்காரு சாமி.”

சரோஜம் கத்தியைக் கீழே வைத்தாள். “ஆடினது பாதமா, வேற எதுவுமா?”

சிரிக்காதீர்கள், மக்களே. அவர் மடையர் அல்ல. ஜூனிலிருந்து டிசம்பர் வரைக்கும் தெரியாமல் காத்திருப்பது ரசிகனுக்குப் பெரிய வலி. தெரியும் என்று ஒருவன் வந்து உட்கார்ந்தால் அவன் காலில் விழத் தோன்றும். நமக்கும் பிள்ளையின் பரீட்சைக்கு முன்னால், ஆபரேஷனுக்கு முன்னால் தோன்றியிருக்கிறது. அந்த வலி தெரிந்தவன்தான் பந்தல் போடுகிறான்.

குற்றாலலிங்கம் சுவாமியின் மகிமையை எடுத்துச் சொல்லத் தொடங்கினார். பொய் சொல்கிறவராக இருந்தால் இவ்வளவு நியமம் இருக்குமா என்று கேட்டார். முந்தாநாள் மழையில் செம்பருத்தி உதிர்ந்துபோய், நந்தியாவட்டையும் துளசியும்தான் கிடைத்தன. கொல்லத்திலிருந்து வந்த ஒரு ஃபார்வர்ட் பையனுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. செம்பருத்தி வந்தால்தான் ஆயிற்று என்று அஜீஷ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டான். இவர் ஆட்டோ பிடித்துக் கரமனை வரை போய் வாங்கி வந்த பிறகே தாம்பாளம் உள்ளே போயிற்று. நடுவில் வந்த இரண்டு கோலிகளுக்கும் துளசி வைத்துப் பார்த்துவிட்டார்கள், அதற்குத் தடையில்லை.

சொல்லி முடித்து, எப்படி என்பது போல் நிமிர்ந்து பார்த்தார்.

சரோஜம் விரல் விட்டு எண்ணினாள். பிறகு, “கோலிக்குத் துளசி. முன்னால ஆடுறவனுக்குச் செம்பருத்தி. அப்படித்தானே?” என்றாள்.

“ஆமா. பின்னால தடுத்து ஆடுறவனுக்கு நந்தியாவட்டை. அது சாஸ்திரம்.”

“இவனுக்கு என்ன வச்சான்?”

மூலையிலிருந்து மகாராஜா தலை நிமிராமல் சொன்னான். “செவப்புதான் சித்தி. எனக்கு மட்டும் கவுத்தி வச்சாரு. காம்பு மேல பாத்துச்சு.”

சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. குற்றாலலிங்கம் மாவை விட்டுப் பார்க்க மறந்து பழத்தைப் போட்டார். அது அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை பெயர் கேட்க ஊரே திரண்டிருந்தது. யோசுவா சார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசி நிமிஷத்தில் வரும் பையன்களுக்குப் பாதம் பார்க்கச் சுவாமியும் திரைக்குப் பின்னால் தயார். சரோஜம் ஒரு தட்டு நிறையப் பழம்பொரி எடுத்து வந்து, கடையில் இன்னும் சூடாக இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிட்டு வா மோனே, சேட்டன் கொஞ்ச நேரம் தாம்பாளத்தைப் பார்த்துக்கொள்வார் என்று அஜீஷின் காதில் சொன்னாள். சாஸ்திரம் பழம்பொரிக்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லை. அஜீஷ் போனான்.

சரோஜம் கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

குற்றாலலிங்கத்துக்கு இரண்டு மனம். குருவைச் சோதிப்பது பாவமா என்று ஒரு பக்கம். கோட்டோரம் நின்று பார்த்த அந்த இரண்டாவது கோல் இன்னொரு பக்கம். அவர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். சட்டி முன்னால் நின்று நின்று பரந்துபோன வலது காலைத் தூக்கி, அத்தனை பேர் பார்க்கத் தாம்பாளத்தில் வைத்து மிதித்தார். தோசைக்கல்லை அமுக்கியது போல் ஒரு பாதம் பதிந்தது. அதன்மேல் ஒரு செம்பருத்தியை நேராக வைத்துத் திரைக்கு அடியில் தள்ளினார்.

“கோழிக்கோட்டிலிருந்து இப்பத்தான் வந்திறங்கின புள்ள, சாமி” என்றாள் சரோஜம்.

திரைக்குப் பின்னால் சுவாமி குளிர்ந்துபோனார். “ஹா. பத்தொன்பது வயசு. முன்னால் களிக்குந்நவன். மானைப் போல ஓட்டம். இந்தக் காலுக்கு இந்தியா ஜெர்சி எழுதியிட்டுண்டு.”

கூட்டம் ‘மானை’ ஏறிட்டுப் பார்த்தது. மான் ஐம்பது வயதைத் தாண்டி, முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நின்றது. யாரோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்கப் போய் இருமத் தொடங்கினார்.

பஸ்மத்தைப் பரப்பி மறுபடி அதே கால். இப்போது செம்பருத்தி கவிழ்ந்திருந்தது.

“துர்ப்பாதம்” என்று குரல் மாறியது. “நேற்று வந்தவனைக் காட்டிலும் மோசம். ஃபார்வர்ட்தான். பக்ஷே, இவனைச் சேர்த்தால் அணி குட்டிச்சுவர்.”

குற்றாலலிங்கம் சிரிக்கவில்லை. அவருக்குக் காது சூடாகியது. மூன்றாவது முறை யாரும் சொல்லாமலே அவராகப் பஸ்மத்தைத் தடவினார். அழுத்தி மிதித்தார். பூ எதுவும் வைக்காமல் தாம்பாளத்தைத் தள்ளினார்.

பந்தலில் தார்ப்பாயிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே கனைப்பு. தாம்பாளத்தைத் திருப்பும் சத்தம். இன்னொரு கனைப்பு. பிறகு, அந்த மைதானத்தில் சுவாமி சொன்னவற்றிலேயே முழு உண்மையான வாக்கு வெளியே வந்தது.

“எடா அஜீஷே, பூ எவிடே?”

 கூட்டம் சிரித்த சிரிப்பில் மதிலில் இருந்த காக்கைகள் கிளம்பின. குற்றாலலிங்கம் திரையைப் பிடித்து இழுத்தார். கயிற்றோடு வந்தது. உள்ளே சுவாமி மடியில் தாம்பாளத்தோடு, பூவைத் தேடிக் குனிந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். எதிரே கைலியைத் தூக்கிக் கட்டி, ஒரு கால் முழுக்கச் சாம்பலோடு பழம்பொரிக்காரர்.

“பரீக்ஷை பண்ணுந்ந இடத்தில் சக்தி நிற்காது” என்றார் சுவாமி.

“அப்படின்னா பரீட்சை பண்ணாத இடத்துல மட்டும் நிக்கிறது என்ன சக்தி, சாமி?” என்று சரோஜம் கேட்டாள். “எங்க வீட்டுக்காரர் காலு இந்தியாவுக்கும் ஆடும், அணியையும் கெடுக்கும், பூ இல்லேன்னா ஊமையாயிரும். ஒரே காலுதானே?”

அந்த நேரம் பார்த்து அஜீஷ் பழம்பொரியும் கையுமாகத் திரும்பி வந்தான். கூட்டத்தைப் பார்த்தான், கீழே கிடந்த திரையைப் பார்த்தான், பாதிப் பழம்பொரியை அப்படியே விழுங்கினான். சுவாமி அவனுக்காகக் காத்திருக்கவில்லை. ஊரார் பாதமெல்லாம் பார்த்தவர் தம் பாதத்துக்கு அன்றைக்குத்தான் வேலை கொடுத்தார். மைதானத்தைக் குறுக்கே கடந்து, சேற்றில் வழுக்கி, எழுந்து, மேலும் ஓடினார். முதலில் வைத்தது இடது காலையா என்று ஒருவரும் கவனிக்கவில்லை. செம்புத் தகடு வாங்கிய பையன்கள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்கள். கொப்புளம் அவர்களைத் தடுத்தது.

அப்போது ரின்ஷாத் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான். அத்தனை பேரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் தலை குனிந்தான்.

“சேட்டா, அந்த ஃபிளெக்ஸ் அழிச்சு மாற்றாமோ? ஞான் டிஃபென்ஸ் ஆணு. கோல் அடிக்கிறவன் இல்ல.”

குற்றாலலிங்கம் திகைத்துப்போனார். பாதம் பார்த்த அன்று, கால் கழுவினபோதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அஜீஷ் அவனிடம் கேட்கவே இல்லையாம். புலி வந்துவிட்டது என்று சுற்றிலும் கூவினார்கள், இவன் வாயைத் திறப்பதற்குள் செம்பருத்தி விழுந்துவிட்டது. பிறகு கைதட்டினார்கள். இவ்வளவு பேர் சந்தோஷமாக இருக்கும்போது இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை என்றான் பிள்ளை.

சரோஜம் நேராக யோசுவா சாரின் நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள். “சார், நேத்து இங்கதானே இருந்தீங்க? அந்த ரெண்டு கோலையும் பாத்தீங்கல்லா?”

“பாத்தேன் அம்மா.”

“பின்ன யார்கிட்ட சார் கேக்கப் போனீங்க?”

யோசுவா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழைக்குக் கண்ணாடி நனையும்தான். பிறகு எழுந்து நின்று பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். முதல் பெயராக மகாராஜாவைச் சொன்னார். பின்காவலில் ரின்ஷாத்தைச் சொன்னார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மகாராஜா சித்தியைப் பார்த்தான். சரோஜம், அம்மாவுக்கு உடனே போன் போடு, எஸ்டேட் ஆபீஸ்காரரிடம் சொன்னால் கூப்பிட்டு விடுவார் என்று அவனை விரட்டினாள். அவன் ஓடியபோது வார் இல்லாத பூட்ஸ் ஒன்று சேற்றிலேயே நின்றுவிட்டது. திரும்பி எடுக்கக்கூட நிற்கவில்லை.

டிசம்பரில் கப்பு வந்ததா என்று கேட்கிறீர்கள். பாருங்கள், உங்களுக்கும் அந்த நோய் இருக்கிறது.

அன்று மத்தியானம் கடையில் நல்ல வியாபாரம். ரசிகர் சங்கத் தலைவர் லிங்கராஜ், தம்பானூரில் லாட்ஜ் மேனேஜர், இரண்டு பழம்பொரியைத் தின்றுவிட்டுக் குற்றாலலிங்கத்தின் காதோரம் குனிந்தார். கள்ளன் போய்த் தொலைந்தது நல்லதுதான் என்றார். இவனை நம்பினதே தப்பு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நெய்யாற்றின்கரையில ஒரு பெரியவர் இருக்காராம் அண்ணாச்சி. அவரு பாதமெல்லாம் பாக்க மாட்டாரு. முழங்கால் மட்டும். சொன்னா அச்சுப் பிசகாதாம். ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வருவமா?”

குற்றாலலிங்கம் ஒரு சொட்டு மாவை எண்ணெயில் விட்டார். அது பொரிந்து மேலே வந்தது. பழத்தைப் போட்டுவிட்டுச் சாவகாசமாகத் திரும்பினார்.

“போங்கடே. பாதம் பாத்தாச்சு, இனி முழங்கால் பாருங்க. அடுத்த வருஷம் இடுப்பு, அதுக்கடுத்த வருஷம் கழுத்து. இப்படியே ஏறி ஏறி என்னைக்காவது ஒருநாள் தலைக்கு வந்து சேருங்க. உள்ள ஏதாவது இருக்கான்னு தட்டிப் பாக்க, அதுக்கு மட்டும் சாமியாரைக் கூப்பிடாதீங்க.”